செட்டுக்கு நடுவே உட்காருவது

மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு மளிகை மண்டி. நாள் முழுக்கக் கண்ணெதிரே மூட்டைகள்தான். ஆனால் அதைத் தூக்குவது லோடுமேன் அண்ணன்கள், நான் கல்லாவில். நாற்பது வயதை நெருங்கும்போது தொப்பை விழுந்ததால், எடை தூக்குவது, குதிப்பது, தொங்குவது எல்லாவற்றையும் கலந்து வேகமாகச் செய்யும் கிராஸ்ஃபிட் பாணி வகுப்பு ஒன்றில் ஒன்றரை வருடம் இருந்தேன்.

அங்கே ‘ஃபிரான்’ என்று ஒரு பயிற்சி. 43 கிலோ பாரைத் தோளில் ஏந்தி, உட்கார்ந்து எழுந்து, அப்படியே தலைக்கு மேல் தள்ள வேண்டும். 21 தடவை. உடனே, கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் 21. அப்புறம் இரண்டிலும் 15, கடைசியாக 9. ஓய்வென்று எதுவும் குறித்திருக்காது, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். 30 கிலோவில் 14 நிமிடம் எடுத்தவன், பிறகு 43 கிலோவிலேயே 9 நிமிடத்தில் முடித்தேன். தொப்பை கரைந்தது. அழகர்கோவில் மலையில் நூபுர கங்கை வரை நிற்காமல் ஏறினேன். அந்தப் பயிற்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்ட் எனக்கு ஒரு வருடமாக 90 கிலோவிலேயே நின்றது. ஒருநாள், பெட்டியில் தாவிக் குதித்த களைப்போடு நேரம் பார்த்து டெட்லிஃப்ட் போட்டபோது முதுகு வளைந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் கடையில் நின்றபடியே கணக்குப் பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் மூத்த லோடுமேனைக் கவனித்துப் பார்த்தேன். என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். 50 கிலோ மூட்டை முதுகில் ஏறியதும் ஒரு நொடி நிற்பார். பாதம் பதிந்த பிறகுதான் நடை. நாலு மூட்டை இறக்கினால் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். “ஏண்ணே, ஒரே மூச்சுல முடிச்சிரலாம்ல?” என்றேன். “மூச்சு அடங்கட்டும் தம்பி. அவசரப்பட்டா இடுப்புதான் போகும்” என்றார்.

அப்புறம் செல்லூரில் ஒரு தகரக் கொட்டகை ஜிம்மில் சேர்ந்தேன். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச், டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ். வாரம் மூன்று நாள், ஐந்து ஐந்து தடவையாக. அந்த ஐந்து தடவை சேர்ந்தது ஒரு செட். “செட் முடிஞ்சா அஞ்சு நிமிஷம் உட்காருங்க” என்றார் மாஸ்டர். முதல் வாரம் எனக்குக் குற்ற உணர்ச்சியாகவே இருந்தது, வியர்வைகூட சரியாக வரவில்லையே என்று. கனமாகத் தூக்கும்போது, தசைக்கு உடனடி சக்தி தரும் கிரியேட்டின் பாஸ்பேட் சில நொடிகளில் தீர்ந்துபோகிறது. அது திரும்ப நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதற்கு முன் எழுந்தால் அடுத்த செட்டில் எடையைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். எடை ஏறாமல் பலம் ஏறாது. பக்கத்துக்கு 1.25 கிலோ என்று சின்னத் தட்டுகளைச் சேர்த்துச் சேர்த்தே எட்டு மாதத்தில் டெட்லிஃப்ட் 140 கிலோவுக்கு வந்தது. சாப்பாட்டில் தினமும் ஆறு முட்டை, சுண்டல், மதியம் மீன் கூடின.

அலங்காநல்லூர்ப் பக்கம் கபடி ஆடும் அக்கா மகன் கேட்டான்: “மாமா, கனமா தூக்குனா ரெய்டுல கால் ஓடாதே?” நியாயமான கேள்வி. எடையும் ஓட்டமும் ஒன்றோடொன்று இடிப்பது உண்டு. உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான எடைப் பயிற்சியையும் கடுமையான ஓட்ட, சைக்கிள் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்குப் பத்து வாரத்தின் கடைசிப் பகுதியில் பலம் இறங்கத் தொடங்கியது. ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்தாறு நாள் உடம்பை வருத்தியவர்கள். எதிரணிக்குள் பாடிப் போகும் ரெய்டு 30 விநாடி. அதற்குத் தொடையில் பலமும் வேண்டும், ஆட்டம் முடியும் வரை மூச்சும் வேண்டும். அதனால் போட்டி இல்லாத மாதங்களில் எடையைக் கூட்டு, போட்டி நெருங்கும்போது ஓட்டத்தைக் கூட்டு, ஒரே நாளில் இரண்டும் வந்தால் முதலில் எடை என்றேன்.

பொங்கலுக்கு நான் அவன் ஊருக்குப் போயிருந்தபோது மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று உருண்டை, விரல் மாட்ட ஒரு இடுக்குக் கிடையாது. குனிந்து, கைகளை அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து இழுத்தேன். மண்ணை விட்டு எழும்பி முட்டி வரை வந்தது. இறக்கி வைத்துவிட்டு, பக்கத்துத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை தொடை வரை வந்தது.