தோற்றவருக்கு மாலை: 2024 ஜூன், ஜூலை குறிப்புகள்

ஜூன் 4, 2024
மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. காலை 8 மணிக்குத் தபால் வாக்கு, 8.30-க்கு இயந்திரம். அந்த அரை மணி நேர 'முன்னிலை'யை மத்தியானம் வரை டிவிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் தமிழ்நாட்டின் 39 தொகுதியும் திமுக கூட்டணிக்கு.

ஜூன் 5
நேற்று வரை "எத்தனை இடம்?" இன்று காலையிலிருந்து "எத்தனை சதவீதம்?"

ஜூன் 6
பாஜக 2019-ல் எடுத்த 3.66 சதவீதத்திலிருந்து 11.24. மூன்று மடங்கு என்று ஆதரவு ஊடகங்களில் ஒரே கொண்டாட்டம். எண்ணில் தப்பில்லை. நின்ற தொகுதிகள் எத்தனை என்பதைப் பக்கத்தில் போடாமல் விடுவதில்தான் சூட்சுமம். 2019-ல் தாமரைச் சின்னம் நின்றது 5 தொகுதிகளில். இந்த முறை அதே சின்னத்தில் நின்ற கூட்டணிக்காரர்கள் நாலு பேரையும் சேர்த்து 23. மாநில சதவீதத்தை 39-ஆல் பெருக்கி, நின்ற தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நின்ற இடத்துச் சராசரி தோராயமாக வந்துவிடும்: அன்று 28, இன்று 19.

சரி, அப்படியானால் சரிவா? எதிர்முகாம் அப்படித்தான் எழுதும். அதுவும் அரைக்கணக்கு. 2019-ல் அந்த 5 தொகுதிகளிலும் அதிமுக வாக்கு தாமரைக்கு விழுந்தது. இந்த முறை அதிமுக எதிரில் நின்றது. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு முறையும் தாமரை நின்ற தொகுதியை எடுக்க வேண்டும். கோவையில் 2019-ல் சி.பி.ராதாகிருஷ்ணன், அதிமுக துணையோடு, 3,92,007. இப்போது அண்ணாமலை, அந்தத் துணை இல்லாமல், 4,50,132. மார்தட்டிக்கொள்ள வேண்டிய எண் இதுதான். ஆனால் இதைப் போட்டால் 1,18,068 வாக்கில் தோற்றதையும் கூடவே போட்டாக வேண்டும். 11.24-க்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஜூன் 7
அதிமுக 19.39-லிருந்து 20.46. "வளர்ந்திருக்கிறோம்." தொகுதி எண்ணிக்கை எங்கே ஐயா?

ஜூன் 8
சதவீதத்தால் நிஜமாகவே காரியம் ஆகிற இடம் ஒன்று உண்டு. மக்களவைத் தேர்தலில் மாநிலத்தில் செல்லத்தக்க வாக்குகளில் 8 சதவீதம் எடுத்தால், ஒரு இடம்கூட ஜெயிக்காவிட்டாலும் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும். நாம் தமிழர் அதைத் தாண்டிவிட்டது. இங்கே சதவீதத்தைக் கொண்டாடினால் குற்றம் சொல்ல முடியாது.

ஜூன் 9
விருதுநகர். 4,379.

ஜூன் 10
திரும்ப விருதுநகர்தான். காங்கிரசின் மாணிக்கம் தாகூரிடம் தேமுதிகவின் விஜய பிரபாகரன் தோற்றது 4,379 வாக்கில். "சூழ்ச்சி" என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் படிவம் 17சி-யைக் கையில் எடுத்துக் காட்டலாமே. வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்திட்டு வேட்பாளர்களின் முகவர்களுக்குக் கொடுப்பது அது. அந்தச் சாவடியில் பதிவான மொத்த வாக்கு அதில் இருக்கும். படிவம் 20-இல் சாவடிவாரியாக முடிவு வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டினால் போதும். அடிக்கடி நடக்கும் கோளாறு, முகவர் 17சி-யை வாங்காமலே கிளம்பிவிடுவது, அல்லது வாங்கியதைத் தொலைத்துவிடுவது. பிறகு எவ்வளவு கத்தினாலும் கையில் காகிதம் இருக்காது.

இயந்திரத்தைச் சோதிக்கவும் வழி உண்டு. ஏப்ரல் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, இரண்டாம், மூன்றாம் இடத்தில் வந்தவர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்கள் வரை. ஒரு செட் இயந்திரத்துக்கு இந்தத் தேர்தலில் ஜிஎஸ்டி சேர்த்து 47,200 ரூபாய். முறைகேடு நிரூபணமானால் பணம் திரும்ப வரும். ஸ்டுடியோவில் கத்துவது இலவசம்.

ஜூன் 22
சோதனை கேட்டவர்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து வேலூர், விருதுநகர். அவ்வளவுதான். மேஜையைத் தட்டிய மற்ற யாரையும் காணோம்.

ஜூலை 13
விக்கிரவாண்டி சட்டமன்ற இடைத்தேர்தல் முடிவு. பாமக 56,296, திமுகவிடம் தோற்ற வித்தியாசம் 67,757. "தனித்துவமான எழுச்சி" என்று இப்போதே ஆரம்பமாகிவிட்டது. அதிமுக போட்டியிலேயே இல்லை. அந்த வாக்கு எங்கே போனது என்று சொல்லாமல் எழுச்சியை எப்படி அளப்பார்கள்?

ஜூலை 15
தேர்தல் வழக்குக்கு 19-ம் தேதி கடைசி, ஜூன் 4-லிருந்து 45 நாள். உயர் நீதிமன்றத்தில் 2,000 ரூபாய் காப்புத்தொகை கட்ட வேண்டும். எந்தச் சாவடி, எத்தனை வாக்கு, யார் என்ன செய்தார் என்று மனுவிலேயே இருக்க வேண்டும். "பெருமளவு முறைகேடு" என்று மொட்டையாக எழுதினால் விசாரணைக்கு முன்பே தள்ளுபடி ஆகலாம். ஒரு மாதமாக டிவியில் ஓடுகிற வாசகம் அதேதான்.

ஜூலை 17
இன்னும் இரண்டு நாள். விவாத மேஜையில் இப்போது 2026.