சமரசம் ஆன பிறகு கிரிமினல் வழக்கை முடிப்பது எப்படி

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பணமும் கைமாறி, இரண்டு தரப்பும் சமாதானமாகக் கலைந்த பிறகும் கிரிமினல் வழக்கு அப்படியே நிற்கும். புகார் கொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போய் 'வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தாலும் நிற்கும். எஃப்ஐஆர் போடாமல் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்த நிலையில் இருக்கும் புகாரை வேண்டுமானால் அங்கேயே எழுதி வாங்கி முடித்துவிடுவார்கள். எஃப்ஐஆர் பதிவாகிக் குற்ற எண் விழுந்துவிட்டால் அது அரசு நடத்தும் வழக்கு. புகார்தாரர் அதில் ஒரு சாட்சி மட்டுமே. பல மாதம் கழித்துச் சம்மன் வந்து நிற்கும்போதுதான் நிறைய பேருக்கு இது உறைக்கிறது.

ஆகவே பேச்சுவார்த்தை தொடங்கும்போதே எஃப்ஐஆர் நகலை எடுத்து வைத்துக்கொண்டு பிரிவுகளைப் பார்க்க வேண்டும். விசாரணையின் நடுவில் பிரிவு மாற்றம் நடந்திருக்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தால் அதில் உள்ள பிரிவுகள்தான் கணக்கு. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவம் என்றால் ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவுகள், அதற்குப் பிறகு என்றால் அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ் பிரிவுகள்.

எந்தக் குற்றத்தைச் சமரசம் செய்யலாம் என்பதை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 359ஆம் பிரிவு, அதாவது பழைய சிஆர்பிசி 320, இரண்டு அட்டவணைகளாகத் தருகிறது. முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்கு நீதிமன்ற அனுமதி தேவையில்லை: சாதாரணக் காயம், வழிமறித்தல், அத்துமீறி நுழைதல், திருட்டு போன்றவை. இரண்டாவதில் உள்ளவற்றுக்கு விசாரிக்கும் நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும்: மோசடி (பழைய 420), நம்பிக்கை மோசடி (406), கொடுங்காயம் (325) இந்த வகை. அனுமதி கிடைத்துச் சமரசம் பதிவானால் அதன் பலன் விடுதலை. இந்த இரண்டு அட்டவணைக்கும் வெளியே உள்ள எதையும் சமரசம் செய்ய முடியாது என்று அதே பிரிவின் 9ஆம் உட்பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது.

யார் சமரசம் செய்யலாம் என்பதையும் அட்டவணையே சொல்கிறது. காயம் என்றால் காயம்பட்டவர், திருட்டு என்றால் பொருளின் உரிமையாளர், மோசடி என்றால் ஏமாற்றப்பட்டவர். மகன் அடிபட்டு அப்பா புகார் கொடுத்திருந்தால் அப்பாவின் கையெழுத்து போதாது. அடிபட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் அவர் சார்பில் பாதுகாவலர், அதுவும் நீதிமன்ற அனுமதியோடு. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசுகள். தண்டனை ஆகி அப்பீலில் இருக்கும் வழக்கில் அப்பீல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

தமிழ்நாட்டில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வாய்க்கால் தகராறு, வேலித் தகராறு, பைக் உரசிய தகராறு எதுவானாலும் எஃப்ஐஆரில் விழும் பிரிவுகள் ஏறக்குறைய ஒரே கொத்துதான்: 294(பி), 323 (சாதாரணக் காயம்), 324, 506(2) (கொலை மிரட்டல்). இன்றைய எண்களில் 296(பி), 115(2), 118(1), 351(3). எதிர்த்தரப்பில் பெண் இருந்தால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண் வன்கொடுமை தடைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் சேரும். இதில் 323 அட்டவணையில் இருக்கிறது. ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி) இல்லை. ஆயுதத்தால் காயப்படுத்திய 324 முன்பு சமரசம் செய்யத்தக்கதாக இருந்தது. சட்டத்திருத்தத்துக்குப் பின் 2009 கடைசியில் பட்டியலிலிருந்து போய்விட்டது. பெண் வன்கொடுமைச் சட்டம் தனிச் சட்டம் என்பதால் அட்டவணைக்குள்ளேயே வராது. அடித்ததை மன்னிக்கலாம், திட்டியதை மன்னிக்க முடியாது என்பது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் மாஜிஸ்திரேட்டால் இதில் எதுவும் செய்ய முடியாது. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தாலும் முடியாது: சமரசம் செய்யத்தகாத குற்றத்தில் அதற்கு அதிகாரமில்லை என்று சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 19(5) சொல்கிறது.

அப்போது மிஞ்சும் வழி உயர் நீதிமன்றம். பிஎன்எஸ்எஸ் 528, பழைய 482, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். சமரசம் செய்யத்தகாத குற்றத்தையும் இந்த அதிகாரத்தில் ரத்து செய்யலாமா என்ற கேள்விக்கு 2003இல் பி.எஸ்.ஜோஷி வழக்கில் குடும்பத் தகராறைப் பொறுத்து உச்ச நீதிமன்றம் 'ஆம்' என்றது. 2012 செப்டம்பரில் கியான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைப் பொதுவிதியாக்கியது. சமரசத்தைப் பதிவு செய்வது வேறு, வழக்கை ரத்து செய்வது வேறு. பிந்தையதற்கு 320இன் வேலி கிடையாது. ஆனால் கொலை, பாலியல் வன்புணர்வு, கொள்ளை போன்ற கொடுங்குற்றங்களும், ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளும், அரசு ஊழியர் பதவியில் இருந்து செய்த குற்றங்களும் இரு தரப்பின் சொந்த விவகாரம் ஆகா. பணம், வியாபாரம், பங்காளித் தகராறு, கணவன் மனைவி வழக்கு ஆகியவற்றில்தான் தாராளம்.

கொலை முயற்சி (307) வழக்குக்கு 2014இல் நரிந்தர் சிங் தீர்ப்பு அளவுகோல் தந்தது. எஃப்ஐஆரில் 307 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. காயம் உடம்பில் எங்கே, என்ன ஆயுதம், மருத்துவச் சான்று என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்தில் வருகிறீர்கள் என்பதும் முக்கியம். விசாரணை அதிகாரி கையில் இருக்கும்போதே வந்தால் இளக்கம். குற்றச்சாட்டு வனைந்து சாட்சி தொடங்காத நிலையிலும் வாய்ப்பு உண்டு. சாட்சிகள் ஏறக்குறைய முடிந்து வாதத்துக்கு நிற்கும்போது வந்தால் பொதுவாகத் தலையிடாது. 2019இல் லட்சுமி நாராயண் வழக்கில் இன்னும் இறுக்கினார்கள்: எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பழைய வழக்குகள், தலைமறைவாக இருந்தாரா, இந்தச் சமரசத்தை எப்படி வாங்கினார் என்பதையெல்லாம் பார்க்கச் சொன்னார்கள். ரவுடி பட்டியலில் பெயர் உள்ளவர் வெறும் சமரச மனுவை நீட்டி ரத்து வாங்குவது கடினம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். எஸ்சி, எஸ்டி வன்கொடுமைச் சட்ட வழக்கை, தகராறு அடிப்படையில் சொத்து சம்பந்தமானது என்று கண்டு, 2021இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்ததுண்டு. ஆனால் கட்டாயப்படுத்தல் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டிய பொறுப்பு அங்கே கூடுதல். போக்சோவில், பதின்ம வயதுக் காதல் வழக்கொன்றை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபக்கம், மாணவியிடம் அத்துமீறிய ஆசிரியர் மீதான வழக்கை அப்பாவின் சமரசத்தை வைத்து ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளி, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது.

இனி மனு. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ கிரிமினல் ஓபி (குற்றவியல் அசல் மனு) போட வேண்டும். முதல் எதிர்மனுதாரர் காவல் ஆய்வாளர் வழியாக அரசு, இரண்டாமவர் புகார்தாரர். கூட்டுச் சமரச மெமோ, இரு தரப்பின் பிரமாணப் பத்திரம், அடையாள அட்டை நகல், எஃப்ஐஆர் அல்லது குற்றப்பத்திரிகை நகல் இணைக்க வேண்டும். மெமோவில் குற்ற எண், பிரிவுகள், தகராறின் சுருக்கம், எவ்வளவு பணம் எந்த டிமாண்ட் டிராஃப்ட் அல்லது எந்த வங்கிப் பரிமாற்றம் வழியாகக் கொடுக்கப்பட்டது, யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்ற வாசகம் எல்லாம் இருக்கட்டும். விசாரணையன்று எல்லோரும் நேரில் வர வேண்டும். சில நேரம் காணொளி வழியாக அனுமதிப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து வரும் போலீசார் ஆட்களை அடையாளம் காட்டுவார், நீதிபதி இரண்டு கேள்வி கேட்பார். அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தால் அதைக் கேட்பார்கள். ஆனால் அது தடையாணை அல்ல.

மனு தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் சட்டம் காரணமல்ல. காயம்பட்டவர் நான்கு பேர், மெமோவில் கையெழுத்திட்டவர் ஒருவர். அல்லது ஐந்து எதிரிகளில் மூவர் மட்டும் மனுதாரர். மீதி இருவர் மேல் வழக்கு தொடரும். கவுண்டர் கேஸ், அதாவது எதிர்த்தரப்பு பதிலுக்குக் கொடுத்த வழக்கு, இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் ரத்து செய்யக் கேட்க வேண்டும். ஒன்று முடிந்து மற்றது நின்றால், முடிந்த தரப்புக்கு இறங்கிவர ஒரு காரணமும் இருக்காது.

கணவன் மனைவி வழக்கில் மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான 498ஏ, இன்றைய 85, தமிழ்நாட்டில் சமரசம் செய்யத்தகாதது. அதனால் பரஸ்பர விவாகரத்தும் ரத்து மனுவும் ஜோடியாகவே ஓடும். ஒரே தவணையில் பணத்தைக் கொடுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும். முதலில் வழக்கை முடித்துக் கொடுத்துவிட்டால் பணத்துக்கு அலைய வேண்டிவரும். மூன்றாகப் பிரிப்பதுதான் நியாயமானது: 13பி (பரஸ்பர விவாகரத்து) மனு தாக்கலின்போது ஒரு பங்கு, இரண்டாம் கட்ட வாக்குமூலத்தன்று ஒரு பங்கு, ரத்து மனு விசாரணையன்று நீதிமன்றத்திலேயே டிராஃப்டாக மிச்சம். ஜீவனாம்சம், குடும்ப வன்முறைச் சட்ட மனு, நகை, குழந்தையைப் பார்க்கும் நாள் என எல்லா வழக்கு எண்களும் ஒரே ஒப்பந்தத்தில் வர வேண்டும். விவாகரத்தை வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்க மறுத்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தானே ரத்து செய்தது உண்மைதான். ஆனால் அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

காசோலை வழக்கு தனி ரகம். செலாவணி முறிச் சட்டம் 147இன்படி எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்யலாம். தாமதத்துக்கு விலை உண்டு. 2010இன் தாமோதர் பிரபு தீர்ப்பில் அது காசோலைத் தொகையில் 10, 15, 20 சதவீதம் என்றிருந்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் குறைத்தது: எதிரித்தரப்புச் சாட்சியம் பதிவாவதற்கு முன் கொடுத்தால் ஒன்றும் இல்லை, அதற்குப் பின் தீர்ப்புக்கு முன் 5, செஷன்ஸ் அல்லது உயர் நீதிமன்றத்தில் 7.5, உச்ச நீதிமன்றத்தில் 10 சதவீதம். இந்தத் தொகை சட்டப்பணிகள் ஆணையத்துக்குப் போகும், எதிர்த்தரப்புக்கு அல்ல.

காசோலை வழக்கில் பலர் விழும் குழி லோக் அதாலத். தவணையில் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு அவார்டு போட்டால் அது சிவில் டிக்ரிக்குச் சமம். தவணை தவறினால் நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம், ஜெயில் பயம் போய்விட்டது. ஒப்பந்தத்துக்காகப் புதிய காசோலை வாங்கி அது திரும்பினாலும் பழைய வழக்கையும் புதியதையும் ஒருசேர ஓட்ட முடியாது என்று 2021இல் ஜிம்பெக்ஸ் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆகவே புகார்தாரர் பக்கம் இருப்பவர் கடைசித் தவணை வரும்வரை வாய்தா வாங்கிக்கொண்டு, பணம் முழுதாக ஏறிய பிறகு சமரசம் பதிவு செய்வதே நல்லது.

உயர் நீதிமன்றம் போக வசதியில்லாமல் பலர் எடுக்கும் குறுக்குவழி, சாட்சிகள் கூண்டில் ஏறி 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது. விடுதலை கிடைக்கும். ஆனால் சத்தியத்தின் பேரில் மாற்றிச் சொன்னதற்குப் பொய்ச்சாட்சி நடவடிக்கை வரலாம். எதிரி இளைஞராக இருந்தால் இன்னொரு ஆபத்து: தமிழ்நாடு காவலர் தேர்வு விதி 14(பி)(iv)இன் விளக்கப்படி, சந்தேகத்தின் பலனிலோ புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். போலீஸ் வேலைக்குப் படிக்கும் பையன் என்றால் குறுக்குவழி வேண்டாம், செலவானாலும் ரத்து மனுதான்.

ரத்து உத்தரவு கைக்கு வந்ததும் வேலை முடியவில்லை. சான்றிட்ட நகலை விசாரணை நீதிமன்றத்தில் மெமோவோடு தாக்கல் செய்து வழக்கு முடிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிடியாணை நிலுவையில் இருந்தால் அது ஸ்டேஷன் கோப்பிலிருந்து நீங்கியதை உறுதிசெய்ய வேண்டும். ஜாமீன்தாரரின் ஆவணம், பிடித்துவைத்த வண்டி, பாஸ்போர்ட் ஆகியவற்றைத் திரும்பப் பெற மனு போட வேண்டும். ஸ்டேஷனுக்கும் ஒரு நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்புக்கு வரும் போலீசார் கணினியில் பழைய எஃப்ஐஆரைத்தான் முதலில் காண்பார். வேலைக்கான படிவத்தில் 'எப்போதாவது வழக்கு பதிவானதா' என்று கேட்டிருந்தால், ரத்தான வழக்கையும் எண்ணோடு எழுதி உத்தரவு நகலை இணையுங்கள். மறைத்ததற்காகவே வேலையிலிருந்து நீக்கலாம் என்பதை 2016இன் அவ்தார் சிங் தீர்ப்பு ஏற்கிறது.