கலர் நெகட்டிவ்: ப்ளிக்ஸுக்கு விடை கொடுத்தாயிற்று

பெங்களூர் அல்சூர் வீட்டில் கலர் ஃபிலிம் கழுவ இதுவரை வாங்கிய பவுடர் கிட்டை விட்டுவிட்டு, இத்தாலியின் பெல்லினி நிறுவனம் தரும் சி-41 (கலர் நெகட்டிவ் கழுவும் முறை) திரவ கிட்டுக்கு மாறிவிட்டேன். விலை கூடுதல்தான். ஆனாலும் மாற ஒரே காரணம், இதில் ப்ளீச்சும் (ஃபிலிமிலுள்ள வெள்ளியைக் கரையக்கூடிய உப்பாக மாற்றுவது) ஃபிக்ஸரும் (அந்த உப்பைக் கரைத்து நீக்குவது) தனித்தனி பாட்டிலில் வருகின்றன.

பழைய கிட்டில் இரண்டும் சேர்ந்த ப்ளிக்ஸ். வேலை சுலபம், மறுக்கவில்லை. ஆனால் ப்ளீச்சிலிருக்கும் ஆக்சிஜனேற்றி, கூடவே இருக்கும் ஃபிக்ஸரின் தயோசல்ஃபேட்டை மெல்ல மெல்லக் கெடுத்துக்கொண்டே இருக்கும். கரைசல் சோர்ந்துவிட்டால் ஃபிலிமில் வெள்ளி தங்கிவிடும். நிறம் மங்கும், கிரெயின் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) முரடாகும். தனித்தனியாக இருந்தால் இரண்டும் நீண்ட நாள் தாங்கும். இன்னொரு நல்ல சேதி: இப்படி வெள்ளி தங்கிய பழைய நெகட்டிவை எடுத்து மறுபடி ப்ளீச், ஃபிக்ஸ் செய்தால் பெரும்பாலும் நிறம் தேறிவிடும். தூக்கிப் போடாதீர்கள்!

எந்த பிராண்டானாலும் உயிர்நாடி, படத்தை முதலில் வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பர்தான். 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி. கோடக் 1972-இல் கொண்டுவந்த கணக்கு, இன்றும் அதுவே. நம்ம ஊர்க் குளிரில் ஃபிலிம் போட்ட டேங்க் சட்டென்று ஆறிவிடும், அதனால் வெந்நீர்த் தொட்டியை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. ப்ளீச்சும் ஃபிக்ஸும் அவ்வளவு கறார் கிடையாது, சற்று நேரம் கூடினால் பாதகமில்லை.

போர்வெல் தண்ணீரில் மட்டும் கலக்காதீர்கள். டிஸ்டில்ட் வாட்டர் கேனுக்கு ஆகும் செலவு பெரிதில்லை. அப்புறம், ப்ளீச் ஒரு சொட்டுகூட டெவலப்பரில் விழக்கூடாது. குடுவை, புனல் எல்லாம் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் வீட்டிலேயே கழுவும் நண்பர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த கிட்டைப் பங்கிட்டு வாங்கலாம்.