ட்வைன் உருண்டு இறங்கிய மலையில் நாங்கள் ஜீப்பில்

அதிகாலை மூன்றரை மணிக்கு எழுப்பி, பல் தேய்க்கக்கூட நேரம் கொடுக்காமல் ஜீப்பில் திணித்து, சூரிய உதயம் பார்க்க டார்ஜிலிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் டைகர் ஹில் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். என்ன தெரிந்தது? முன்னால் நின்றவருடைய குரங்குக் குல்லா. கஞ்சன்ஜங்கா பனிச்சிகரம் இருக்க வேண்டிய இடத்தில் இட்லி மாவைக் கரைத்து ஊற்றியதுபோல் வெள்ளை. ஒரு மணி நேரம் நடுங்கிவிட்டுத் திரும்பி வந்தால், முந்தின இரவு 1,500 என்று பேசிய டிரைவர் 2,200 கேட்கிறார். பார்க்கிங் தனியாம், கூப்பன் தனியாம். "மலை தெரியலையே அண்ணா" என்றேன். மலைக்கு அவர் பொறுப்பில்லையாம். அது நியாயம்தான். ஆனால் எழுநூறு ரூபாய்க்கு யார் பொறுப்பு?

இந்தக் கடுப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாக ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். முடிந்தவரை பார்க்கிறேன்.

நாங்கள் போனது டார்ஜிலிங்கைப் பார்க்க மட்டுமல்ல. உலகச் சுற்றுப்பயணம் ஒன்றின் நடுவே, 1896 பிப்ரவரியில் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன் இங்கே வந்து பேசிவிட்டுப் போனார். அந்த உலகச் சுற்றுப்பயணத்தைப் பற்றி அவர் அடுத்த வருடம் வெளியிட்ட புத்தகத்தில், டார்ஜிலிங் மலையிலிருந்து இறங்கி வந்த பகுதியைக் கல்லூரிக் காலத்தில் படித்ததிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம். கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. அவனுக்கு ட்வைன் மேல் ஈடுபாடெல்லாம் கிடையாது. செலவுக் கணக்கைப் போனில் எழுதுவதில் உண்டு.

ட்வைன் ஊர் சுற்ற வந்தவரும் இல்லை. பணத்துக்காக வந்தவர். அச்செழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் வருடக்கணக்காகப் பணத்தைக் கொட்டினார், அது ஓடவில்லை. சொந்தப் பதிப்பகம் 1894-ல் திவாலானது. கடன் சுமார் ஒரு லட்சம் டாலர். சட்டப்படி முழுவதையும் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. மனைவி ஒலிவியா, ஒரு காசு பாக்கியில்லாமல் கொடுத்தாக வேண்டும் என்றார். அதனால் 1895 ஜூலையில் கிளம்பி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று ஒரு வருடம் ஊர் ஊராக மேடையேறினார். சொற்பொழிவு என்றவுடன் உபதேசம் என்று நினைக்க வேண்டாம். சும்மா நின்றுகொண்டு கதை சொல்வார், சனம் சிரிக்கும், டிக்கெட் பணம் கடன்காரர்களுக்குப் போகும். வயது அறுபது. வழியெல்லாம் இருமல், உடம்பில் ராஜபிளவைக் கட்டி வேறு. மனைவியும் நடு மகள் கிளாராவும் கூடவே வந்தார்கள்.

பம்பாய் நாவல்ட்டி தியேட்டரில் ஆரம்பித்து, காசி, கல்கத்தா எல்லாம் பார்த்துவிட்டு இங்கே ஏறினார். காசியைப் பற்றி, வரலாற்றைவிட, மரபைவிட, புராணத்தைவிடப் பழையது, பார்த்தால் இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் அதைப் போல இரண்டு மடங்கு பழையதாகத் தெரிகிறது என்று எழுதியது அந்தச் சமயத்தில்தான். அப்போது கல்கத்தாவிலிருந்து வரும் ரயில் இன்றைய வங்கதேசம் வழியாகப் போகும். கங்கைக்குக் குறுக்கே அங்கே பாலம் இல்லை. ஆற்றைப் படகில் கடந்து மறுபடி ரயில் ஏற வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், அங்கே சியால்டா ஸ்டேஷனில் இரவு டார்ஜிலிங் மெயில், காலையில் மலையடிவாரத்து நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து ஷேர் ஜீப். முன்னால் இரண்டு, நடுவில் நான்கு, பின்னால் நான்கு பேர். பின்சீட்டை மட்டும் எடுக்காதீர்கள், முழங்கால் தாடையில் இடிக்கும்.

ட்வைன் டைகர் ஹில் போன்ற இடத்துக்கெல்லாம் போகவில்லை. கூட வந்தவர்கள் விடியலில் குதிரையேறிப் போனார்கள். குளிர் அதிகம், அந்தக் குதிரைகளோடு எனக்குப் பழக்கமும் இல்லை என்று சொல்லி இவர் அறையிலேயே இருந்துவிட்டார். பைப்பும் சில கம்பளிகளுமாக இரண்டு மணி நேரம் ஜன்னலருகே உட்கார்ந்து, பனிச்சிகரங்கள் ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பாகி, பிறகு தங்கமாவதைப் பார்த்திருக்கிறார். ஓசியில்! இதைப் படித்துவிட்டும் நான் 2,200 கொடுத்து மலையேறினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஆறரைக்கு எங்கள் விடுதியின் குளியலறை ஜன்னல் வழியாக, எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்குக்கு மேலே கஞ்சன்ஜங்கா முழுசாக நின்றது. வாளியில் வெந்நீர் ஆறிப் போகிறவரை பார்த்தேன். 8,586 மீட்டர் என்று படிப்பது வேறு. மேகத்துக்கு மேலே, வானம் என்று நாம் நினைத்திருக்கும் இடத்தில், பாறை இருப்பது வேறு. "மாமா, சீக்கிரம் வாங்க" என்று வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தான் அவன்.

அந்த விடுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறை வாடகை 1,400, பரவாயில்லை. காலி செய்யும்போது பில்லில் ஹீட்டருக்கு ஓர் இரவுக்கு 300 வீதம் இரண்டு இரவுக்கு 600. ஹீட்டர் தனிக் கணக்கு என்று யாரும் வாய் திறக்கவில்லை. ட்வைன் ஒரு கதை சொல்கிறார். கஞ்சன்ஜங்காவைப் பார்க்க 22 நாள் காத்திருந்து மேகம் விலகாமலே ஊர் திரும்பிய பயணி ஒருவர் ஏமாற்றமே அடையவில்லையாம். ஹோட்டல் பில் கைக்கு வந்ததும், இமயமலையிலேயே உயரமானதைப் பார்த்துவிட்டோம் என்று புரிந்துகொண்டாராம். இது அநேகமாகப் பொய் என்று ட்வைனே அடுத்த வரியில் சொல்லிவிடுகிறார். நான் நம்புகிறேன்.

டார்ஜிலிங்கில் பேசி முடித்த இரவு கிளப்புக்குப் போனாராம். அங்கிருந்து மூன்று நாடுகளின் எல்லை தெரியும். ஒன்று திபெத், இன்னொன்று நேபாளம், மூன்றாவது ஹெர்ஸகோவினா என்று நினைக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். ஐரோப்பாவின் ஒரு மூலையில் இருக்கும் ஊரைக் கொண்டுவந்து சிக்கிம் பக்கத்தில் வைக்கிறார். பஸ்ஸில் இதைப் படித்து நான் தனியாகச் சிரித்த ஞாபகம் இன்னும் இருக்கிறது.

சாப்பாடு. சௌக் பஜாரிலிருந்து ஜீப் ஸ்டாண்டுக்கு இறங்கும் படிக்கட்டுச் சந்தில் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு கடை. மொத்தம் இரண்டு பெஞ்சு. ஒரு வயதான அம்மா மாவு வட்டத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலால் கொசுவம் வைப்பதுபோல் மடித்து மடித்து மோமோ பிடிக்கிறார். கை பார்க்காமலே ஓடுகிறது, கண் தெருவில் இருக்கிறது. ஒரு தட்டுக்கு எட்டு, அறுபது ரூபாய். கூட டல்லே மிளகாய்ச் சட்னி. டல்லே என்பது சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய, உருண்டையான சிவப்பு மிளகாய். நம் காந்தாரி அளவுக்குக் காரம், ஆனால் ஒரு பழவாசனை உண்டு. அதற்கப்புறம் துக்பா, எலும்புச் சாற்றில் மிதக்கும் நூடுல்ஸ், ஆவி மூக்குக்குள் போனால் குளிர் மறந்துவிடும். மூன்று வேளை அங்கேயே சாப்பிட்டோம். அந்த அம்மாவைத் 'தீதி' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டோம். அண்ணனை 'தாய்' என்கிறார்கள், அது மட்டும் வாயில் வரவில்லை. மீசைக்காரரைப் பார்த்துத் தாய் என்றால் எப்படி?

சரி, பொம்மை ரயில். கீழிருந்து மேலே முழுத் தூரமும் அதில் வர ஆசை, டிக்கெட் கிடைக்கவில்லை. டார்ஜிலிங்கிலிருந்து கூம் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பும் நீராவி ரயிலில் ஆளுக்கு 1,500-க்கு மேல் கொடுத்துப் போனோம். இரண்டு மணி நேரத்துக்கு இது அநியாய விலை. ஆனாலும் போங்கள். தண்டவாள அகலம் இரண்டே அடி. கடைகளை உரசிக்கொண்டு போகிறது. கை நீட்டினால் கடையில் தொங்கும் ஸ்வெட்டரைத் தொடலாம். என் கண்ணில் கரித்தூள் விழுந்து அரை மணி நேரம் சிவந்தே இருந்தது. கூம் 7,407 அடி. 1881-லேயே ரயில் இங்கே வந்துவிட்டது, அதனால் ட்வைன் ஏறியதும் இந்தப் பாதையில்தான்.

அவர் இறங்கிய விதம்தான் விஷயம். மேலிருந்து 35 மைலை ஒரு தள்ளுவண்டியில் இறங்கினார். ஆறு இருக்கை, மேலே கான்வாஸ் கூரை, தரையோடு தரையாக உட்காரும் வண்டி. இன்ஜின் கிடையாது. சரிவே இழுத்துக்கொண்டு போகும், பிரேக் மட்டும் உண்டு. முன்னால் வழிகாட்ட இன்னொரு வண்டி. ஏற்பாடு என்ன தெரியுமா? அது பள்ளத்தில் பாய்வதைப் பார்த்தால் நாம் பிரேக் போட்டுவிட்டு வேறு வழிகாட்டியை வரவழைக்க வேண்டும். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் இதே வண்டியில் வந்து பாதாளத்தில் விழுந்தார் என்று ஒரு கதையும் சொன்னார்களாம். அது உண்மையில்லை, ஆனால் பயத்தைக் கொடுத்ததால் பயனுள்ள கதை என்கிறார். பாதி வழியில் டீ குடிக்க உட்கார்ந்தபோது, சிறுத்தை ஒரு கன்றைக் கொல்வதைக் கிட்டத்தட்டப் பார்த்துவிட்டாராம். கொன்றது முந்தின நாள்! பூமியில் தான் கழித்த நாட்களிலேயே இதுதான் அதிக இன்பமான நாள் என்று எழுதியிருக்கிறார். அந்த வருடம் ஆகஸ்டில், ஊரில் விட்டுவிட்டு வந்த மூத்த மகள் சூசி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். புத்தகத்தை அதற்கப்புறம்தான் எழுதினார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

தள்ளுவண்டி இல்லாததால் நாங்கள் ஜீப்பில் இறங்கினோம். பழைய மலைச்சாலையான ஹில் கார்ட் ரோடும் தண்டவாளமும் பின்னிப் பின்னிப் போகும், அதில் போகிறவரை சரிதான். வழியில் குர்சியாங் ஊரில் டிரைவர் திடீரென்று ரோகிணி ரோட்டுக்குத் திருப்பிவிட்டார், சீக்கிரம் போய்விடலாமாம். அதற்குக் கீழே திண்டாரியா பக்கத்து ரயில்பாதை வளைவுகளுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததே! கெஞ்சினேன். மற்ற எட்டுப் பேரும் என்னை முறைத்தார்கள். ஆகவே அந்தப் பாதையில் பாதிக்கு மேல் நான் பார்க்கவே இல்லை. நீங்கள் போனால் ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வருத்தம். மார்ச் கடைசியில் கல்கத்தாவில் கப்பலேறியவர் மெட்ராஸில் ஒரு நாள் நின்றிருக்கிறார். காக்காய்க்கே பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், நம் ஊருக்கு ஒதுக்கியது அரை வரி. ஒரு நாள் நின்றோம், அவ்வளவுதான்.

திரும்பும் ரயிலில் கணக்கு முடித்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து 21,860. ஹீட்டர் 600-ஐ அவன் சிவப்பில் எழுதியிருந்தான்.

"அந்த ஆளு கடனை அடைச்சாரா மாமா?"

"அடைச்சார் மாப்ள. 1898-ல் ஒரு காசு பாக்கி இல்லாம."

"அப்ப நீங்க எனக்குத் தர வேண்டிய 2,140?"