செத்த நண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த கதை

திருமங்கலம் பக்கம் வீட்டுக் கொல்லையில் அறுபது பெட்டி போட்டுக் களி நண்டு வளர்க்கிறேன். தொண்டியிலிருந்து தண்ணி நண்டாக, அதாவது ஓடு உரித்த புதிதில் சதை இல்லாமல் இருக்கும் நண்டாக வாங்கி, சதை பிடித்ததும் விற்பது. கடல் இல்லாத ஊரில் எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன்.

சித்திரை வெயிலில் இரண்டு நண்டுகளின் அடி ஓட்டில் பழுப்புப் பொட்டு தெரிந்தது. கறை என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் பொட்டு கறுத்துக் குழி விழுந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. பிறகு ஒரே ராத்திரியில் ஐந்து நண்டு போச்சு. அறுபது பெட்டிக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வருகிறது என்பது அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

யாரோ சொன்னார் என்று பெர்மாங்கனேட்டைக் கலந்து தொட்டியில் ஊற்றினேன். நண்டுக் கழிவில் வரும் அம்மோனியா விஷத்தை ஃபில்டரில் தின்று கொண்டிருந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்தது. மறுநாள் ஒன்பது. அந்த ஒன்பதும் நோயின் கணக்கா, என் கணக்கா, இன்றைக்கும் தெரியாது.

செத்ததில் நல்லதாக மூன்றை ஃப்ரீசரில் வைத்தேன். (இட்லி மாவுக்குப் பக்கத்தில். வீட்டில் நடந்த பேச்சை எழுத முடியாது.) மதுரையில் கால்நடை நோய் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், சீட்டு எழுதுபவர், "தம்பி, இதுல மாடு, ஆடு, கோழின்னுதான் கட்டம் இருக்கு. நண்டை எதுல போடச் சொல்ற?" என்றார். மூன்று ஜன்னல் மாறியும் கட்டம் கிடைக்கவில்லை.

கடற்கரைப் பக்கம் ஒரு மீன் நோய் ஆய்வகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். போனது சனிக்கிழமை. பெட்டியைத் திறந்த மேடம் உடனே மூடிவிட்டார். "செத்த நண்டுல எந்தக் கிருமி வேணும்னாலும் வளரும் சார். எது கொன்னதுன்னு எப்படிச் சொல்றது? உறைய வேற வெச்சிருக்கீங்க." தண்ணீர் மாதிரியை நான் கலர் குடித்த பழைய பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அதையும் வாங்கவில்லை. போக வர ஒரு நாள் வீண்.

ஆகவே, அனுபவித்தவன் சொல்கிறேன்: சாகக் கிடக்கும் நண்டைக் கொண்டுபோங்கள், உயிரோடு. கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில். கூடவே நன்றாக இருக்கும் நண்டு ஒன்று. தண்ணீருக்குச் சுத்தமான தனி பாட்டில். திங்கள், செவ்வாயில் போங்கள். ஆய்வகத் தட்டில் கிருமி வளர ஒரு நாள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பார்க்க ஆள் இருக்காது. முன்னாடியே போன் பண்ணிவிடுங்கள்.

மூன்றாவது பயணம் அப்படித்தான் போனேன். கண்டக்டர் பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். மேடம் பின்னங்கால் துடுப்பின் அடி மூட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். நல்ல நண்டின் ரத்தம் லேசான நீலத்தில் தெளிவாக இருந்து சீக்கிரம் உறைந்தது. நோய் நண்டினுடையது கலங்கல், உறையவே இல்லை. மறுநாள் தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள்: விப்ரியோ என்கிற பாக்டீரியா. கொடுக்கு கட்டும்போது ஓட்டில் விழும் கீறல் வழியாக, ஓட்டைத் தின்னும் பாக்டீரியா உள்ளே போகுமாம். மிச்சத் தீனி அழுகினால் அதற்குக் கொண்டாட்டம்.

மருந்துக் கடைக்காரர் லேபிள் இல்லாத பொடி ஒன்றை நீட்டினார். வாங்காதீர்கள். குளோரம்பெனிகால் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு மீன், இறால் வளர்ப்பில் தடை இருக்கிறது. எச்சம் பிடிபட்டால் ஏற்றுமதிக்குப் போகும் சரக்கே திரும்பிவிடும்.

நோய் நண்டுகளைத் தனித் தண்ணீருக்கு மாற்றி, தீனியைக் குறைத்து, மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுக்க ஆரம்பித்தேன். சாவு நின்றது. சின்ன சைஸ் என்று ஒதுக்கி வைத்திருந்த 23-ஆம் பெட்டி நண்டு நேற்று சட்டை உரித்தது. கறுப்புப் பொட்டு எல்லாம் பழைய ஓட்டோடு போய், பக்கத்தில் பன்னு மாதிரி மெத்தென்று உட்கார்ந்திருந்தது. மேடத்திடம் காட்டலாம் என்று அந்த ஓட்டை ஃப்ரீசரில் வைக்கப் போனேன். வீட்டில் விடவில்லை.