நுவரெலியாவில் கடல்பாறை வார்க்கிறேன்

பெப்ரவரி 8

தொட்டி, பம்ப், ஹீட்டர் எல்லாம் வந்துவிட்டன. பாறைதான் பாக்கி. உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பாறை அழகுக்காக வைப்பதில்லை. மீன் கழிவை உடைக்கும் பக்டீரியாக்கள் குடியிருப்பது அதன் துளைகளுக்குள்தான்.

கடலில் எடுத்த பவளக்கல் ஒன்றுகூட என் வீட்டுக்குள் வராது. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைகளுக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே அழித்தார்கள். 1988இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் திருட்டுத்தனமாக நடந்தது. 1998இல் கடல் சூடேறி, மிஞ்சியிருந்ததிலும் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. 2004 சுனாமியில் அதே கரையிலுள்ள பெரலியா ஊரை அலை அந்தப் பாடு படுத்தியதற்கும், அங்கே கரைக்கு முன்னால் பவளத்தைத் தோண்டி எடுத்திருந்ததற்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தக் கல்லைத் தொட்டியில் வைத்து ரசிக்க எனக்கு மனம் வராது. சீமெந்தில் நானே வார்க்கப்போகிறேன்.

பெப்ரவரி 14

சாமான் சேர்த்தாயிற்று. சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து, நிலக்கரிச் சாம்பல் கலக்காதது. சாம்பலில் உலோகங்கள் இருக்கலாம், இறால் வகைகளுக்கு அது ஆகாது. கோழித் தீவனக் கடையில் உடைத்த சிப்பி ஓடு. அயோடின் சேர்க்காத கல்லுப்பு.

தோட்டத்துக்குப் போடும் டோலமைட் மலிவாகக் கிடைக்குமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அது மாவாகவே வரும். துளைகளை அடைத்துவிடும். எனக்கு வேண்டியது கரடுமுரடான துண்டு.

பெப்ரவரி 15

இன்று வார்த்தோம். சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேல் மேசன் வேலை பார்த்தவர். உப்பு மூட்டையைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"என்னா தம்பி, சீமெந்துல உப்பா? கம்பி அரிச்சுப் போகுமே!"

"இதுக்குள்ள கம்பியே இல்ல சித்தப்பா. உப்பு பிறகு கரைஞ்சு போயிரும். அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாகும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உப்பைக் கடைசியாப் போடு. தண்ணியைக் குறை" என்றார். சரியான யோசனை. தண்ணீர் கூடினால் உப்பு கலவையிலேயே கரைந்துவிடும், துளை விழாது.

அளவு இதுதான்: சீமெந்து 1 பங்கு, சிப்பி 2 பங்கு, உப்பு 2 பங்கு. சீமெந்தையும் சிப்பியையும் காய்ந்தபடியே புரட்டி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தோம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் உப்பு. ரப்பர் கையுறை கட்டாயம். ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும், அதுவும் உடனே தெரியாது. மூட்டையைப் பிரிக்கும்போது முகமூடியும் வேண்டும்.

அச்சுக்கு மரப்பெட்டி நிறைய ஈர ஆற்றுமணல். அதில் கையால் குழி தோண்டி, அடியில் விரலால் மூன்று நான்கு பள்ளம் குத்தினால் அவையே பாறையின் கால்கள். கலவையைப் போடும்போது நடுநடுவே ஈர மணல் உருண்டைகளை வைத்தோம். பிறகு மணலைக் கழுவி எடுத்தால் அந்த இடம் குகை. கலவையை அமுக்கவே கூடாது. சித்தப்பாவுக்குக் கரண்டியால் தட்டி மட்டம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு துண்டு மொழுமொழுவென்று வந்துவிட்டன. அவை அடியில் இருக்கட்டும்.

பெப்ரவரி 18

மணலைத் தோண்டிப் பாறைகளை வெளியே எடுத்தேன். இவ்வளவு குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். காலையில் புல்லெல்லாம் பனி வெள்ளை. அதனால் பெட்டியை அடுப்படிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். நகத்தால் கீறினால் இன்னும் தூள் வருகிறது. நனைத்த சாக்கில் சுற்றி, மேலே பொலித்தீன் போட்டு மூடிவிட்டேன். காயவிட்டால் பலம் வராது. வீட்டுத் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது எதற்கோ, இதுவும் அதற்குத்தான்.

மார்ச் 19

சீமெந்தின் பலத்தை 28 நாளில் சோதிப்பது கட்டட வேலையில் வழக்கம். குளிருக்காக நான் இன்னும் கொஞ்சம் விட்டேன். ஒரு துண்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. இன்று எல்லாவற்றையும் நீல பீப்பாயில் ஊற்றுத் தண்ணீரில் போட்டாயிற்று.

மார்ச் 22

பீப்பாயைத் திறந்தால் தண்ணீரின் மேல் மெல்லிய வெள்ளை ஏடு. விரல் பட்டதும் சில்லுச் சில்லாக உடைந்து, பளபளத்துக்கொண்டே கீழே இறங்கியது. சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மேலே கட்டிய ஏடு அது. இந்தக் கசிவு நிற்காமல் பாறையைத் தொட்டியில் வைத்தால் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறி மீன் செத்துப்போகும். கடல்நீரின் பி.எச். 8.1, 8.2 அளவுதான். புதுச் சீமெந்து ஊறிய தண்ணீர் 12ஐத் தாண்டும்.

உப்பும் வெளியே வருகிறது. நாக்கில் வைத்தெல்லாம் பார்க்கக் கூடாது, அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் காரம், புண்ணாக்கும். கழுவிய ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். உட்பக்கம் பிய்த்த பாண் மாதிரி, துளைக்குள் துளை. இதற்குத்தானே இவ்வளவும்! சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து ஒரு துளை வழியாக எட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 5

பி.எச். அளக்கும் சொட்டு மருந்து விலை கூடியது. ஆரம்ப நாட்களில் அதைச் செலவழிக்கத் தேவையே இல்லை. சிவப்பு கோவாவை (முட்டைக்கோஸ்) நறுக்கிக் கொதிக்க வைத்து வடித்த ஊதாச் சாறு போதும். பீப்பாய்த் தண்ணீரில் விட்டால் மார்ச்சில் பச்சையும் மஞ்சளுமாக மாறியது. இன்று நீலம் கலந்த பச்சை. சுத்த நீலத்துக்கு வந்த பிறகு சொட்டு மருந்தை எடுக்கலாம்.

வினாகிரியில் ஊறவைத்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது மேற்பரப்பைத்தான் அரிக்கும். உள்ளே இருக்கும் சுண்ணாம்பு பிறகு மெல்ல வெளியே வரும். நம் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பை நன்றாக இழுக்கும். அதை அடிக்கடி மாற்றினாலே போதும்.

ஏப்ரல் 18

வருஷப்பிறப்பு, சீசன் கூட்டம், வீடு நிறைய விருந்தாளிகள். தண்ணீர் மாற்றியதோடு சரி.

மே 10

இப்போது சொட்டு மருந்து. மாற்றிய அன்று தண்ணீர் 8க்குக் கீழேதான் காட்டும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு வாரம் மாற்றாமல் விட்டு அளக்க வேண்டும். அப்படி விட்டு இன்று அளந்தேன்: 8.8, மருந்தின் கடைசி நிறம். அதற்கு மேலேயும் இருக்கலாம். மறுபடியும் ஊறட்டும்.

மே 31

ஒரு வாரம் மாற்றாத தண்ணீரில் 8.2. வெள்ளை ஏடும் இல்லை.

தொட்டியில் பாறைகளை அடுக்கினேன். மொழுமொழு துண்டுகள் கீழே, குகை உள்ளவை மேலே, பின்கண்ணாடியை ஒட்டாமல் தண்ணீர் ஓட இடம் விட்டு. உப்புத்தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 பாகை. இந்த ஊர்க் குளிருக்குத் தொட்டியின் பின்னாலும் பக்கங்களிலும் ரெஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால் ஹீட்டர் இரவு முழுக்க அணையாது, கரண்ட் பில் தாங்காது.

இந்தப் பாறையில் இன்னும் உயிர் இல்லை. கொழும்பில் தொட்டி வைத்திருக்கும் சிநேகிதர், ஓடிக்கொண்டிருந்த தன் பில்டர் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, கடல்நீரோடு பையில் கட்டி, பஸ்ஸில் வந்த மருமகன் கையில் கொடுத்துவிட்டார். பக்டீரியாவுக்கு அது விதை. தீனிக்கு ஓர் இறாலைப் போட்டேன். அழுகி அமோனியா வரட்டும்.

ஜூன் 14

அமோனியா ஏறி, இறங்கத் தொடங்கிவிட்டது. பக்டீரியா அதை மாற்றி உண்டாக்கும் நைட்ரைட் இப்போது உச்சத்தில், அதுவும் மீனுக்கு நஞ்சு. பி.எச். 8.2ஐ விட்டு அசையவில்லை. பாறை மேல் பழுப்புப் பாசி படர்கிறது. புதுத் தொட்டியில் முதலில் வருவது அதுதான், துடைக்கப்போவதில்லை. இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி பிடிக்கப் பல மாதம் ஆகும், அதற்கும் யாரிடமாவது விதைத் துண்டு கேட்க வேண்டும்.

நைட்ரைட் பூச்சியம் காட்டாமல் மீன் வாங்கக் கொழும்புக்குப் போவதாக இல்லை. சித்தப்பா அதற்குள் இன்னொரு பெட்டி மணல் நனைத்து வைத்திருக்கிறார். இந்தத் தடவை கரண்டி கொண்டுவரவில்லை.