பேட்சைக் கடைசியிலிருந்து படிப்பது: விசிவி ராக் பிரிசெட்டுகள்

மாடுலர் சிந்தசைசர், அதாவது தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி, படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது ஒன்றுதான். மற்றவர்கள் இணைத்துச் சேமித்த அமைப்புகளை, அதாவது பேட்சுகளை, நூறு இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து கேட்பார்கள். நன்றாக இருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் மூடிவிடுவார்கள். சாதாரண சாஃப்ட்வேர் சிந்தசைசரில் இது போதும், ஏனென்றால் அங்கே ஒலி போகும் வழியைத் தயாரித்தவரே தீர்மானித்துவிட்டார். மாடுலரில் அந்த வழிதான் பாடமே. ஒரே ஒரு நல்ல பேட்சை எடுத்து, அதில் எந்தக் கேபிள் ஏன் இருக்கிறது என்று கடைசிவரை பார்த்துவிட்டால், நூறு பேட்ச் கேட்டதைவிட அதிகம் கிடைக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது விசிவி ராக் என்ற, கணினியில் ஓடும் மாடுலர் சிந்தசைசர். ஆண்ட்ரூ பெல்ட் 2017ல் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2021 நவம்பரில் வந்தது. தனியாக ஓடும் பதிப்பு இலவசம். யூரோராக் என்ற நிஜ மாடுலர் கருவி வகையின் வோல்டேஜ் கணக்கையே பின்பற்றுவதால், இதில் கற்றது நிஜக் கருவி முன்னால் உட்கார்ந்தாலும் செல்லும்.

பிரிசெட் என்ற ஒரே சொல் ராக்கில் மூன்று விஷயங்களுக்குப் புழங்குகிறது. புதிதாக வருபவர்களின் குழப்பத்தில் பாதி இதில்தான். ஒரு மாட்யூல் மேல் ரைட் கிளிக் செய்து 'பிரிசெட்' மெனுவில் சேமிப்பது அந்த ஒரு மாட்யூலின் நாப் (திருகு) நிலைகளையும் உள் அமைப்பையும் மட்டும்தான். கோப்பின் பெயர் '.விசிவிஎம்' என்று முடியும். அதில் கேபிள் ஒன்றுகூட இருக்காது. ஆகவே யாரோ கொடுத்த ஃபில்டர் பிரிசெட்டை ஏற்றிவிட்டு 'அந்த ஒலி வரவில்லையே' என்று தேடுவதில் பயனில்லை. அந்த ஒலி கேபிள்களில் இருந்தது. பல மாட்யூல்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் '.விசிவிஎஸ்'. இதில் அவற்றுக்கு இடையே உள்ள கேபிள்களும் வரும். முழுப் பேட்ச் '.விசிவி'. கற்பதற்கு நடுவில் உள்ளதுதான் சிறந்தது என்பது என் கருத்து. நாலைந்து மாட்யூல் கொண்ட ஒரு சிறு குரலை (ஒரு வாத்தியம்போல ஒலிக்கும் தொகுதியை) தனியே எடுத்து வைத்துக்கொண்டு எந்தப் பேட்சிலும் இறக்கலாம்.

இறக்கிய பேட்சைத் திறக்கும்போது சில மாட்யூல்கள் இல்லை என்று செய்தி வரலாம். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை விசிவியின் இணைய லைப்ரரியில் சேர்த்து, அப்டேட் செய்து, ராக்கை மூடித் திறந்தால்தான் அவை ஏறும். அதற்கு முன்பு பேட்சை அதே பெயரில் சேமித்துவிட வேண்டாம். திறப்பதற்கு முன் ஸ்பீக்கர் ஒலியையும் குறைத்துவிடுங்கள். ஃபீட்பேக் உள்ள பேட்ச் எவ்வளவு சத்தமாகக் கத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

படிக்கத் தொடங்க வேண்டிய இடம் வலது மூலை, அதாவது ஆடியோ மாட்யூல். அதில் எந்தக் கேபிள் நுழைகிறது, அது எங்கிருந்து வருகிறது, அந்த மாட்யூலுக்குள் என்னென்ன நுழைகின்றன என்று பின்னோக்கிப் போக வேண்டும். இடதுபக்கம் தொடங்கினால் கிளாக் (தாளத் துடிப்பு), சீக்வென்சர் (ஸ்வர வரிசையை ஓட்டுவது), ரேண்டம் என்று கிளைகளில் சிக்கிக்கொள்வோம். கடைசியிலிருந்து வந்தால் ஒலியின் நடுத்தண்டு முதலில் கிடைக்கும்: ஆடியோ, மிக்சர், விசிஏ (ஒலியளவை ஆட்டுவது), ஃபில்டர் (ஒலியின் கூர்மையை வடிப்பது), ஆஸிலேட்டர் (ஒலியைப் பிறப்பிப்பது). தண்டு தெரிந்த பிறகு மற்றவை எல்லாம் அதை ஆட்டுவிப்பவை என்று பிரித்துக்கொள்ளலாம். 'வியூ' மெனுவில் கேபிளின் அடர்த்தியை நன்றாகக் குறைத்துவிட்டால், கர்சரை எந்தப் போர்ட்டில் வைக்கிறோமோ அந்தக் கேபிள் மட்டும் பளிச்சென்று தெரியும். அதே போர்ட்டில் அந்த நொடியின் வோல்டேஜும் காட்டப்படும். தடித்த கேபிளையும் நீல விளக்கையும் பார்த்தால் அது பாலிஃபோனிக். ஒரே கேபிளில் 16 தடங்கள்வரை போகலாம்.

எண்கள் நாலைந்து மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒலி சுமார் ±5 வோல்ட். என்வலப், அதாவது ஒலி எழுந்து அடங்கும் வளைவு, 0 முதல் 10 வோல்ட். கேட், அதாவது ஸ்வரம் அழுத்தப்பட்டிருக்கும்வரை வரும் சமிக்ஞை, 10 வோல்ட். சுருதிக்கு ஒரு வோல்ட் என்றால் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி). 0 வோல்ட் என்பது நடு சி, 261.63 ஹெர்ட்ஸ். இவை தெரிந்தால் நாப்களைக் காதால் தடவிப் பார்ப்பதோடு கணக்கும் போடலாம்.

ஒரு தந்தி மீட்டும் ஒலியை எடுத்துக்கொள்வோம். ராக்கோடு வரும் ஃபண்டமென்டல் மாட்யூல்களே போதும். விசிஓவின் (ஆஸிலேட்டர்) சா வடிவம், அதாவது ரம்பப்பல் அலை, விசிஎஃப்பின் (ஃபில்டர்) லோபாஸ் வழியாக விசிஏவுக்குப் போகிறது. ஒரே ஏடிஎஸ்ஆர் (என்வலப் தரும் மாட்யூல்) விசிஏவையும் ஃபில்டரையும் சேர்த்து ஆட்டுகிறது. அட்டாக் (எழும் நேரம்) 1 மில்லிசெகண்ட், டிகே (இறங்கும் நேரம்) 300, சஸ்டெயின் (நிற்கும் அளவு) 0, ரிலீஸ் (கேட் மூடிய பின் அடங்கும் நேரம்) 300. நாப் மேல் ரைட் கிளிக் செய்தால் எண்ணை நேராக அடிக்கலாம். ஃபில்டரின் கட்டாஃப் (வெட்டும் எல்லை) 200 ஹெர்ட்ஸ். அதன் கட்டாஃப் போர்ட்டுக்கான அட்டென்யுவெர்ட்டரை (வரும் வோல்டேஜைக் குறைக்கும் குட்டி நாப்பை) 50 சதவீதத்தில் வையுங்கள். என்வலப்பின் உச்சம் 10 வோல்ட், அதில் பாதி 5 வோல்ட், அதாவது 5 ஆக்டேவ். 200 ஹெர்ட்ஸ் ஐந்து முறை இரட்டிப்பானால் 6400. ஒவ்வொரு மீட்டலிலும் ஃபில்டர் 6400 ஹெர்ட்ஸ்வரை திறந்து மூடுகிறது. அதையே 30 சதவீதமாக்கினால் 1600 ஹெர்ட்ஸ்தான். நகத்தால் மீட்டியது விரல் சதையால் மீட்டியது போல மழுங்கும். மற்றவரின் பேட்சில் 'இந்த ஒலி ஏன் இவ்வளவு கூர்மை' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இப்படிப்பட்ட ஒரு சிறிய நாப்பில்தான் இருக்கும்.

அந்த நாப் 0வில் இருந்தால் கேபிள் செருகியிருந்தும் ஒன்றும் நடக்காது. 'கேபிள் இருக்கிறது, மாற்றமே இல்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இன்னொரு இடறல் அட்டாக். இதே குரலில் அட்டாக்கை 400 மில்லிசெகண்டாக்கி, சஸ்டெயினை 70 சதவீதமாக்கினால் வில் போட்டு இழுப்பது போல வர வேண்டும். ஆனால் சீக்வென்சர் 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) பதினாறாம் ஸ்வரங்களாக ஓடினால் ஒரு படி 125 மில்லிசெகண்ட்தான். கேட் அதில் பாதி, 62.5. என்வலப் உச்சத்தை எட்டுவதற்கு முன்பே கேட் மூடிவிடுகிறது. ஒலி மெலிந்து, சில சமயம் காணாமலே போகும். பிரிசெட்டில் குறையில்லை, அதற்கு நீண்ட கேட் வேண்டும்.

வைப்ரேட்டோவிலும் (சுருதியின் மெல்லிய நடுக்கம்) இதே கணக்குதான். எல்எஃப்ஓவின் (மெதுவாக ஆடும் ஆஸிலேட்டர்) ±5 வோல்ட்டை விசிஓவின் எஃப்எம் போர்ட்டில் செருகி நாப்பை 10 சதவீதம் வைத்தால் ±0.5 வோல்ட், அதாவது மேலும் கீழும் ஆறு அரைஸ்வரங்கள். அது சைரன். 1 சதவீதம்கூட 60 சென்ட் (நூறு சென்ட் ஒரு அரைஸ்வரம்). குரல்போல இருக்க அரை சதவீதத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். மவுஸால் அங்கே நிறுத்துவது கடினம்; எண்ணை அடித்துவிடுங்கள், அல்லது கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுங்கள்.

பேனலில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளும் உண்டு. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிளெய்ட்ஸ் என்ற ஆஸிலேட்டர், ராக்கில் மேக்ரோ ஆஸிலேட்டர் 2 என்ற பெயரில் கிடைக்கிறது. இதில் 16 மாடல்கள். ஜோடி அலைவடிவம், எஃப்எம், கார்ட், பேச்சு என்று முதல் எட்டு. இரைச்சல், தந்தி, மணி, டிரம் வகைகள் அடுத்த எட்டு. டிரிகர் போர்ட் (தட்டும் சமிக்ஞை நுழையும் இடம்) காலியாக இருந்தால் தொடர்ந்து ஒலிக்கும். அதில் கேபிள் செருகிய நொடியே உள்ளே இருக்கும் லோபாஸ் கேட் (ஒலியளவையும் கூர்மையையும் சேர்த்து அடக்குவது) வேலைக்கு வந்து, ஒலி தட்டினால் எழுந்து அடங்கும். அத்தோடு நிற்பதில்லை. டிம்பர், மார்ஃப், ஃப்ரீக்வென்சி போர்ட்டுகள் காலியாக இருந்தால், அவற்றின் குட்டி நாப்கள் உள் என்வலப்பின் அளவைத் தீர்மானிக்கத் தொடங்கும். 'டிரிகர் மட்டும்தானே கொடுத்தேன், ஒவ்வொரு அடியிலும் சுருதி ஏன் வழுக்குகிறது?' என்றால் ஃப்ரீக்வென்சியின் குட்டி நாப் நடுவில் இல்லை என்று பொருள். டிரம் ஒலிக்கு அந்த வழுக்கல் வேண்டும், மெட்டுக்கு வேண்டாம். அதனால் இந்த மாட்யூலின் பிரிசெட்டைச் சேமிக்கும்போது டிரிகரோடு பயன்படுத்த வேண்டியதா, இல்லாமலா என்று பெயரிலேயே எழுதிவிடுவது நல்லது.

தேடிப் பார்ப்பதற்கு ராக் தரும் நல்ல வசதி, ஒரு மாட்யூலை மட்டும் குலுக்குவது. மாட்யூல் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-ஆர், மேக்கில் கமாண்ட். கேபிள்கள் அப்படியே இருக்கும், நாப்கள் மட்டும் மாறும். பேட்ச் முழுவதையும் குலுக்கினால் எது எதை மாற்றியது என்று தெரியாது; ஆஸிலேட்டரை மட்டும் குலுக்கி, பிடித்ததைச் சேமித்து, கன்ட்ரோல்-இசட்டில் திரும்பி வாருங்கள். கன்ட்ரோல்-இ அழுத்தினால் அந்த மாட்யூல் பைபாஸ் ஆகும். ஃபில்டர் போன்றவை பைபாஸில் ஒலியைத் தொடாமல் கடத்திவிடும். கடத்த வழியில்லாதவை மௌனமாகும். ஒரு மாட்யூல் எதற்கு இருக்கிறது என்று தெரியாவிட்டால் இதைவிட விரைவான சோதனை இல்லை. அலையை வரைந்து காட்டும் ஸ்கோப்பையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அவுட்புட்டிலிருந்து எத்தனை கேபிள் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்கோப்பைச் செருகுவதால் ஒலி மாறாது.

தானாக வாசிக்கும் பேட்சுகளில் நடுத்தண்டைவிட, ஸ்வரங்களைத் தீர்மானிக்கும் மூளைப்பகுதிதான் பெரிது. ரேண்டம் மாட்யூலின் ±5 வோல்ட்டை நேராகக் குவான்டைசருக்குள் (எந்தச் சுருதியையும் அருகிலுள்ள ஸ்வரத்துக்கு நகர்த்துவது) விட்டால் பத்து ஆக்டேவ் தாவும். நடுவில் 20 சதவீதமாகக் குறைத்தால் ±1 வோல்ட், இரண்டு ஆக்டேவுக்குள் அடங்கும். குவான்டைசர் பேனலில் சி, டி, இ, ஜி, ஏ மட்டும் எரியவிட்டால் மோகனத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும். கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் அதற்கு மோகனம் என்று பெயர் வைக்க வேண்டாம். குவான்டைசருக்குக் கமகமும் தெரியாது, சஞ்சாரமும் தெரியாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆணி அடித்தாற்போல நிறுத்தும்.

இத்தகைய பேட்சுகளில் நேரக்கோளாறு ஒன்று அடிக்கடி வரும். ராக்கில் ஒவ்வொரு கேபிளும் ஒரு சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய அளவீட்டுத் துண்டு) தாமதம் தரும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 0.02 மில்லிசெகண்ட், காதுக்குத் தெரியாது. ஆனால் ஒரே கிளாக் சீக்வென்சரையும் சாம்பிள் அண்ட் ஹோல்டையும் (தட்டிய நொடியின் வோல்டேஜைப் பிடித்து வைப்பது) தட்டினால், கிளாக் நேராக ஹோல்டுக்கு முதலில் வந்துசேரும். சீக்வென்சர் வழியாக வரும் புதிய சுருதி ஒரு சாம்பிள் பின்தங்கும். ஹோல்ட் பழைய சுருதியையே பிடித்துக்கொள்ளும். மெட்டு முழுக்க ஒரு படி பின்னால் நடக்கும். ஹோல்டுக்குப் போகும் கிளாக்கை மியூட்ஸ் போன்ற ஏதாவது ஒரு மாட்யூலுக்குள் நுழைத்து எடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். சீக்வென்சருக்கும் ஹோல்டுக்கும் நடுவில் குவான்டைசரும் இருந்தால் இரண்டு மாட்யூலுக்குள் நுழைக்க வேண்டும்.

ஒலி கிழிந்தால் கூட்டல் போட்டுப் பாருங்கள். ஆடியோ மாட்யூலுக்கு ±10 வோல்ட்தான் எல்லை. ஒரு குரலின் ±5 வோல்ட் அதிலிருந்து 6 டெசிபல் கீழே. நாலு குரல்களைக் குறைக்காமல் கூட்டினால் 20 வோல்ட்வரை போகும், கிழியும். விட்டுவிட்டுச் சடசடப்பது வேறு நோய்: கணினி திணறுகிறது. எஃப்3 அழுத்தினால் ஒவ்வொரு மாட்யூலும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று தெரியும். ஆடியோ மாட்யூலின் பிளாக் சைஸை (ஒரே மூச்சில் கணக்கிடும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 256 ஆக வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லிசெகண்ட் தாமதம், வாசிப்பதற்கு அது தடையில்லை.

ஒரு பேட்ச் புரிந்துவிட்டதா என்று பார்க்க, ஒவ்வொரு மாட்யூல் மேலும் கன்ட்ரோல்-யு அழுத்திக் கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நினைவிலிருந்து மறுபடி இணைத்துப் பாருங்கள். பிறகு 'ஃபைல்' மெனுவில் ரிவர்ட் கொடுத்து மூலத்தோடு ஒப்பிடலாம். பெரும்பாலும் விட்டுப்போவது சுருதியிலிருந்து ஃபில்டருக்குப் போகும் கேபிள். அது இல்லாவிட்டால் கீழ் ஸ்வரங்கள் கூர்மையாகவும் மேல் ஸ்வரங்கள் மழுங்கியும் ஒலிக்கும். ஃபண்டமென்டல் விசிஎஃப்பில் கட்டாஃபுக்கு ஒரே போர்ட்தான். என்வலப்பையும் சுருதியையும் மிக்ஸ் மாட்யூலில் கூட்டித்தான் அனுப்ப வேண்டும். அட்டென்யுவெர்ட்டர் 50 சதவீதத்தில் இருந்தால் சுருதியும் பாதியாகும்: ஸ்வரம் ஒரு ஆக்டேவ் ஏறும்போது ஃபில்டர் அரை ஆக்டேவ் ஏறும். தந்தி ஒலிக்கு அந்த அரை போதுமானது.